பேக்கிங் பொதுக்கூடத்துக்கு மணிக்கணக்கில் ஒரே வாடகை கட்டுபடியாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட், ரொட்டி செய்து விற்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். வாங்குபவர்கள் கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ், திருமுழுக்கு, கல்யாணம் என்று கேரளத்துப் பாறசாலைப் பக்கத்திலிருந்தும் ஆர்டர் வருகிறது. வீட்டு ஓவனில் ஒரு தடவைக்கு இரண்டு கேக்குக்கு மேல் வைக்க இடமில்லை. போர்மா என்னும் விறகு அடுப்பு வைத்திருக்கும் பழைய பேக்கரிகள் தங்கள் சொந்த வேலைக்கே நேரம் போதாமல் இருக்கின்றன. அதனால் நாலைந்து பேர் சேர்ந்தோ, மகளிர் குழுவாகவோ, கடையைக் காலியாக வைத்திருக்கும் கட்டட உரிமையாளராகவோ, பேக்கிங் செய்பவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பொதுச் சமையற்கூடம் தொடங்க முன்வருகிறார்கள். இது நல்ல முயற்சி, நிலைக்க வேண்டிய முயற்சி. ஆனால் இப்படிப்பட்ட கூடம் மூடப்படுவதற்கு ஆள் வராதது மட்டும் காரணமில்லை. முதல் நாள் பலகையில் எழுதிய கட்டணமே பல இடங்களில் காரணம். அந்தக் கட்டணத்தை எப்படிப் போடுவது என்பதை விவரமாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

எல்லோரும் செய்யும் கணக்கை முதலில் பார்ப்போம். 600 சதுர அடிக் கூடம் ஒன்று. 2 வேலை மேசைகள், 2 அடுக்கு 4 ட்ரே மின் ஓவன், 20 லிட்டரில் ஒன்றும் 10 லிட்டரில் ஒன்றுமாக மாவு கலக்கும் பிளானட்டரி மிக்சர் 2, தொட்டிகள், புகைபோக்கி, ஒரு ஏசி. சாமான்கள் எல்லாம் சேர்த்து 9,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு இப்படி வரும்: கட்டட வாடகை 18,000, மேற்பார்வைக்கும் துப்புரவுக்கும் இரண்டு ஆள், சம்பளம் 26,000, மின் நிலைக்கட்டணம், தண்ணீர், இணையம் 4,000, பூச்சித் தடுப்பு, தீயணைப்பான், காப்பீடு, தண்ணீர்ப் பரிசோதனை 3,000, பழுதுபார்ப்பு 5,000, கடன் வட்டி 6,000, சாமான்களின் தேய்மானம், 8 ஆண்டு ஆயுள் கணக்கில், 10,000. ஆக 72,000 ரூபாய். இந்தத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இனி தவறு நடக்கும் இடம். காலை 6 முதல் இரவு 8 வரை 14 மணி நேரம், மாதம் 26 நாள், 2 மேசை: மொத்தம் 728 மேசை மணி. 72,000-ஐ 728-ஆல் வகுத்தால் 99 ரூபாய். உடனே 'மணிக்கு 100 ரூபாய்' என்று பலகை எழுதிவிடுகிறார்கள். அந்த 728 மணியும் விற்காது. ஒருவர் முடித்துப் போய் அடுத்தவர் வருவதற்குள் மேசை, தொட்டி, தரை எல்லாம் கழுவிக் காய வேண்டும். 6 முதல் 10, 10.30 முதல் 2.30, 3 முதல் 7 என்று நான்கு மணி நேர முறை மூன்று வைத்து, கடைசி ஒரு மணி நேரத்தை முழுக் கழுவலுக்கு ஒதுக்கினால், விற்கக்கூடியது நாளுக்கு 12 மணிதான். அதாவது மாதம் 624 மேசை மணி. அதிலும் செவ்வாய், புதன் காலியாகக் கிடக்கும். வெள்ளி, சனி நெருக்கும். தவக்காலத்தில் கேக் ஆர்டர் குறையும். ஆடியும், அதையொட்டி கேரளப் பக்கத்துக் கர்க்கடக மாதமும் மந்தம். வருடச் சராசரியாக 328 மணி விற்றாலே அது ஓரளவு நன்றாக நடக்கும் கூடம். இது 728-ல் 45 சதவீதம்.

328 மணியை 100 ரூபாய்க்கு விற்றால் வரவு 32,800. மாதம் 39,200 ரூபாய் துண்டு விழும். இதில் மின்சாரக் கட்டணமும் எரிவாயுவும் இன்னும் சேரவில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் முன்பணம் இந்தத் துண்டை மறைத்துவிடும். பிறகு திடீரென்று கட்டணத்தை இரட்டிப்பாக்குவார்கள். 100 ரூபாயை நம்பி கேக்குக்கு விலை சொல்லி ஆர்டர் பிடித்தவர்கள் வெளியேறுவார்கள். மீதமிருப்பவர்களின் தலையில் மொத்தச் செலவும் விழும். அதனால் வகுக்கும் எண் விற்கும் மணியாக இருக்க வேண்டும், திறந்திருக்கும் மணியாக இருக்கக் கூடாது. 72,000-ஐ 328-ஆல் வகுத்தால் 220 ரூபாய் வருகிறது. உண்மையான அடக்கம் அதுதான்.

ஆனால் 220 என்று ஒரே கட்டணம் போடுவதும் சரியில்லை. கூடத்தில் இரண்டு விதமாக வேலை நடக்கிறது. ஒருவர் மேசையில் நான்கு மணி நேரம் நின்று கிரீம் பூசிப் பூ வைப்பார். ஓவன் பக்கமே போக மாட்டார். இன்னொருவர் ஒரு மணி நேரம் மாவு கலக்கிவிட்டு, ஓவனின் இரண்டு அடுக்கையும் மூன்று மணி நேரம் பிடித்துக்கொள்வார். ஒரே கட்டணம் என்றால் கிரீம் பூசுபவர் ரொட்டி போடுபவரின் ஓவனுக்குப் பணம் கட்டுகிறார். கொஞ்ச நாளில் அவருக்கு இது தெரிந்துவிடும். எனவே மேசைக்கு ஒரு கட்டணம், ஓவனின் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கட்டணம் என்று பிரிக்க வேண்டும்.

தேய்மானம், வட்டி, பழுது மூன்றும் சேர்ந்து 21,000. அதில் ஓவனும் அதன் புகைபோக்கியும் மும்முனை வயரிங்கும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 14,000 எடுத்துக்கொள்ளும். மிச்சம் 7,000 மிக்சருக்கும் மேசைக்கும். இதோடு இடம், ஆள், சுத்தம் ஆகியவற்றின் 51,000-ஐச் சேர்த்தால் மேசைப் பங்கு 58,000. அதை 328-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 177, பலகையில் 180. ஓவனில் மாதம் 140 அடுக்கு மணி விற்கும் என்று கொண்டால், அடுக்கு ஒன்றுக்கு மணிக்கு 100 ரூபாய். இது லாபமும் இல்லாத, ஒரு மோட்டார் எரிந்தால் தாங்காத கட்டணம். இதன் மேல் பத்து சதவீதம் போல ஏற்றி மேசைக்கு 200, அடுக்குக்கு 110 என்று வைத்தால் மாதம் 81,000 வரும். மிஞ்சும் 9,000 ரூபாய்தான் கூடத்தின் மூச்சு. அதைத் தள்ளுபடியாகக் கொடுத்துவிடக் கூடாது.

மின்சாரத்தையும் எரிவாயுவையும் இந்தக் கட்டணத்துக்குள் அடக்காதீர்கள். ஓவனின் ஒவ்வோர் அடுக்குக்கும் தனி உபமீட்டர் மாட்டி, வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். 2 ட்ரே பிடிக்கும் மின் ஓவன் அடுக்கு ஒன்றின் திறன் வழக்கமாக 6.6 கிலோவாட். சூடேறியபின், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு வேலை செய்வதால் பாதியளவு, மணிக்கு 3.3 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். யூனிட் 10 ரூபாய் என்றால் மணிக்கு 33 ரூபாய். முதலில் சூடேறும் 40 நிமிடம் மட்டும் முழு வேகத்தில் ஓடும்: 4.4 யூனிட், 44 ரூபாய். எரிவாயு ஓவன் வைத்திருப்பவர்கள் 19 கிலோ வணிக சிலிண்டரை எடைத்தராசில் வைத்தபடியே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, எடை எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். வெறும் ஓவனில் ஒரு முறையும் நிறைய ட்ரே வைத்து ஒரு முறையும் அளந்து, நிறைய வைத்தபோது வந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர் காகிதத்தில் கொடுத்த அளவு போதாது. கதவைத் திறந்து மூடுவதில் போகும் சூடு அதில் சேர்வதில்லை.

அந்த 44 ரூபாயை யார் கட்டுவது என்பதில்தான் கூடங்களில் அதிகம் சண்டை வருகிறது. காலை 6 மணிக்கு வருபவர் குளிர்ந்த ஓவனைச் சூடேற்றுகிறார். 10.30-க்கு வருபவருக்கு அது சூடாகவே கிடைக்கிறது. காலை நேரத்தை யாரும் எடுக்க விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். சூடேற்றும் செலவை அன்று அந்த அடுக்கைப் பயன்படுத்திய எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். இதோடு வேலையின் வரிசையையும் கூடம் தீர்மானித்தால் செலவு இன்னும் இறங்கும். ரொட்டிக்கு 200 முதல் 220 டிகிரி வேண்டும், ஸ்பாஞ்சுக்கு 170 முதல் 180, பிளம் கேக்குக்கு 150 முதல் 160. சூடு இறங்கும் வரிசையிலேயே முன்பதிவு கொடுத்தால், ஓவனை ஒரு முறை ஏற்றினால் போதும். பிளம் கேக் முடிந்த கையோடு ரொட்டிக்காரரைப் போட்டால் மறுபடி ஏற்ற வேண்டும். ரொட்டிக்குப் பின் உடனே ஸ்பாஞ்ச் வைத்தால் மேல் கருகி நடுவில் பச்சையாக நிற்கும். அடுக்கின் அடித்தளத்தில் தங்கும் சூடு தெர்மோஸ்டாட் காட்டும் அளவை விட மெதுவாகத்தான் இறங்கும். கதவைத் திறந்து 20 நிமிடமாவது ஆற விட வேண்டும். அந்த 20 நிமிடத்தையும் முன்பதிவு அட்டவணையில் எழுதி வையுங்கள்; யார் கணக்கிலும் ஏற்றாதீர்கள்.

கட்டணம் சரியா என்று பார்க்க, அதைச் செய்பொருளின் விலையோடு ஒப்பிட வேண்டும். 40 × 60 சென்டிமீட்டர் ட்ரேயில் 18 சென்டிமீட்டர் வட்டத் தகரம், ஒரு கிலோ பிளம் கேக் பிடிப்பது, காற்று போக இடைவெளி விட்டு 6 வைக்கலாம். அடுக்குக்கு 2 ட்ரே, 12 கிலோ. வேகும் நேரம் ஒன்றரை மணி. வைக்க, எடுக்க, ஆற என்று சேர்த்து 2 மணி நேரம். ஒருவர் மேசையில் 4 மணி, ஓர் அடுக்கில் 2 மணி எடுத்தால் 800 + 220, மின்சாரம் 110, மொத்தம் 1,130. கிலோவுக்கு 94 ரூபாய். அவரே 5 மணி மேசையோடு இரண்டு அடுக்கிலும் 24 கிலோ போட்டால் 1,000 + 440 + 220 = 1,660; கிலோவுக்கு 69 ரூபாய். கிலோ 700-க்கு விற்பவருக்கு முதல் கணக்கில் 13 சதவீதம், இரண்டாவதில் 10. கூடத்துக்குக் கட்டும் கட்டணம் விற்பனை விலையில் 15 சதவீதத்தைத் தாண்டினால் அவர் நிலைக்க மாட்டார் என்பதே என் கருத்து. மாவு, வெண்ணெய், முந்திரி, பெட்டி, வண்டிச் செலவு எல்லாம் போக, அவர் உழைப்புக்குக் கூலி மிஞ்ச வேண்டும் அல்லவா?

பிறந்தநாள் கிரீம் கேக் செய்பவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களை இதே கட்டணம் கொல்லும். ஒரே ஒரு கிலோ கேக்குக்கு மேசை இரண்டரை மணி 500, அடுக்கு ஒரு மணி 110, மின்சாரம் 77, மொத்தம் 687. 900 ரூபாய்க்கு விற்கும் கேக்கில் இது நடக்காத காரியம். இதற்காகப் பொதுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அவர்கள் செய்யும் வேலைக்கு ஏற்றபடி இரண்டு சின்ன ஏற்பாடு போதும்.

ஒன்று, ட்ரே கணக்கு. ஸ்பாஞ்ச் எல்லோருக்கும் ஒரே சூடு. காலை இரண்டு மணி நேரத்தை 175 டிகிரி நேரம் என்று அறிவித்து, யார் வேண்டுமானாலும் ட்ரே வைக்கலாம் என்று விடுங்கள். வைத்து எடுக்க 45 நிமிடம். அடுக்கு வாடகையும் மின்சாரமும் மணிக்கு 143. முக்கால் மணிக்கு 107. ஒரு ட்ரேயின் பங்கு 54. சூடேற்றும் பங்கு 6. அடக்கம் 60, ஓவனைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் சேர்த்து 80 ரூபாய். நடு வெந்ததா என்று குத்திப் பார்ப்பது கூடத்து ஆளின் வேலை. மாவின் தரம் கொண்டுவந்தவரின் பொறுப்பு. இதை எழுதி ஒட்டாவிட்டால் உள்வாங்கிய ஸ்பாஞ்ச் ஒவ்வொன்றுக்கும் பஞ்சாயத்து வரும். முட்டையில்லா கேக் செய்பவரின் ட்ரேயைத் தனி அடுக்கில், அதுவும் மேல் அடுக்கில் வையுங்கள். அவர்களுக்கு விஸ்க் (அடிக்கும் கம்பி), கிண்ணம், துணி எல்லாம் தனி நிறத்தில் தனியாக இருக்க வேண்டும். அவர் பெட்டியில் முட்டை இல்லை என்று அச்சடித்து விற்கிறார். அந்த வார்த்தைக்குக் கூடமும் பொறுப்பு.

இரண்டு, அரை மேசை. கிரீம் பூசவும் அலங்கரிக்கவும் மூன்றடி இடம் போதும், மிக்சர் தேவையில்லை. ஆறடி மேசையை இருவருக்குப் பிரித்துத் தலைக்கு 100 ரூபாய். இப்போது ஐந்து கேக்குக்கு ஒரு ட்ரே 80, மாவு கலக்க முழு மேசை ஒரு மணி 200, அலங்காரம் அரை மேசை மூன்று மணி 300, மொத்தம் 580. கேக்குக்கு 116, விலையில் 13 சதவீதம். மூன்று கேக் என்றால் 160 வரும், கொஞ்சம் கடினம். ஒரு நாளைக்கு ஒரே கேக் என்பவருக்குப் பொதுக்கூடம் எப்படிப் பார்த்தாலும் கட்டாது. சேர வரும்போதே அவரிடம் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். வாரத்தில் ஒரே நாளுக்கு ஆர்டர்களைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லலாம்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் ஃபாண்டன்ட் (கேக் மேல் போர்த்தும் சர்க்கரைப் பசை) வியர்க்கும், கிரீம் நிற்காது. அதனால் அலங்கார அறைக்கு ஏசி அவசியம். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் வரை எடுக்கும். மணிக்கு 20 ரூபாய் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். தேவையில்லாதவர் கட்ட வேண்டாம். ரொட்டி மாவு பொங்கும் இடமும் கிரீம் அறையும் ஒன்றாக இருந்தால் இருவர் வேலையும் கெடும் என்பதையும் இடம் பிரிக்கும்போதே பாருங்கள்.

குளிர்பெட்டிக்குத் தனிக் கட்டணம் வைக்காத கூடத்தில் அது ஒரே மாதத்தில் பழைய கிரீம் டப்பாக்களால் நிரம்பிவிடும். நான்கு கதவுப் பெட்டி 1,20,000 என்றால் தேய்மானம் மாதம் 1,250. நாளைக்கு 8 யூனிட் என்று வைத்தால் மின்சாரம் 2,400. ஆக 3,650. பன்னிரண்டு தட்டில் ஏழு வாடகைக்குப் போகும் என்று கொண்டால் தட்டுக்கு 520. மாதம் 550, ஒரு நாளைக்கு மட்டும் என்றால் 30. மேலே சொன்ன 72,000-ல் இது சேரவில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். பிளம் கேக்குக்குப் பழம் ஊறவைக்கும் ஜாடிகளுக்கு அக்டோபரிலிருந்தே இடம் கேட்பார்கள். அதற்குக் குளிர் வேண்டாம். அலமாரியில் 45 × 60 சென்டிமீட்டர் இடம் மாதம் 150 போதும்.

டிசம்பருக்கு வேறு கணக்கு. மற்ற மாதங்களில் தட்டுப்பாடு வராது. டிசம்பரில் மேசை இருந்தாலும் ஓவன் இருக்காது. காலை 6 முதல் இரவு 7 வரை, இரண்டு மணி நேர வேக்காடு ஆறு. இரண்டு அடுக்கும் சேர்த்து ஒரு வேக்காட்டுக்கு 24 கிலோ. நாளைக்கு 144 கிலோ. இதற்கு மேல் ஒரு கிலோ கூட அந்த ஓவனில் வராது. ஆகவே டிசம்பர் 1 முதல் 23 வரை மணிக்கணக்கை நிறுத்திவிட்டு, வேக்காட்டுக் கணக்கில் விற்க வேண்டும். இரண்டு அடுக்கும் சேர்ந்த வேக்காடு ஒன்றுக்கு வழக்கமான 440-ஓடு மின்சாரம். டிசம்பரில் மட்டும் வருபவருக்கு 550. வருடம் முழுக்க, அதிலும் ஆடியிலும் தவக்காலத்திலும் வந்தவர்களுக்குப் பழைய கட்டணமும் முதல் உரிமையும் கொடுக்க வேண்டும். மந்தமான மாதத்தில் கூடத்தைத் தாங்கியவர் அவர்தான்; நெருக்கடியில் அவரை அதிக விலைக்காக ஒதுக்கினால் அடுத்த ஆடியில் அவர் வர மாட்டார். முன்பதிவை அக்டோபரிலேயே முடித்துப் பாதிப் பணம் வாங்கிவிடுங்கள். ஒருவருக்கு நாளைக்கு இரண்டு வேக்காட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். பெரிய ஆர்டர் பிடித்த ஒருவர் ஆறையும் எடுத்துக்கொண்டால் சின்னவர்கள் எல்லோரும் வீட்டு ஓவனுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மாதத் தொகுப்பு நல்ல ஏற்பாடு. 40 மேசை மணி 8,000-க்குப் பதில் 7,200. ஆனால் பயன்படுத்தாத மணியை அடுத்த ஒரு மாதத்துக்கு மட்டுமே கொண்டுபோக விடுங்கள். வரம்பு இல்லாமல் விட்டால் ஆகஸ்டில் மிச்சம் பிடித்த மணியையெல்லாம் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். பணம் முன்பே செலவாகியிருக்கும், ஓவனும் இருக்காது.

முறை தாண்டி நிற்பதற்குக் கால் மணிக்கு ஒருமுறை ஒன்றரை மடங்கு கட்டணம் வையுங்கள். இது தண்டனையாகத் தோன்றலாம். அடுத்தவர் பிசைந்து கொண்டுவந்த ரொட்டி மாவு 30 டிகிரி வெயிலில் காத்திருக்காது. அரை மணியில் மிதமிஞ்சிப் பொங்கி, ஓவனுக்குள் போனதும் அமுங்கிவிடும். அவர் நஷ்டம், தாமதிப்பவர் கால் மணிக்குக் கட்டும் 75 ரூபாயை விடப் பெரிது. முறைக்கும் முறைக்கும் இடையிலுள்ள அரை மணி கழுவலுக்கு என்று முன்பே சொல்லிவிட்டால் பாதித் தகராறு தீரும். ரத்து செய்பவர் 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் முழுப் பணம், பிறகு சொன்னால் பாதி, வராமலே இருந்தால் எதுவும் இல்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை நாள் செய்தித்தாளிலேயே முன்கூட்டி வருகிறது. அன்றைக்கு மின் ஓவனுக்கு முன்பதிவு வாங்கக் கூடாது. 13.2 கிலோவாட் ஓவனைச் சின்ன ஜெனரேட்டர் இழுக்காது. பெரியதை வைத்தாலும் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 யூனிட்தான் கிடைக்கும். யூனிட் 30 ரூபாயைத் தாண்டும். ஜெனரேட்டரில் ஓடிய யூனிட்டுக்குத் தனி விலை என்று பலகையிலேயே போட்டுவிடுங்கள். நடுவேக்காட்டில் மின்சாரம் நின்று கேக் கெட்டால் வாடகையைத் திருப்பித் தர வேண்டும். பொருளுக்கு ஈடு தர முடியாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு சின்ன எரிவாயு ஓவனைத் துணைக்கு வைத்துக்கொள்வது இதற்கெல்லாம் மேல். மின் இணைப்பு எந்தப் பிரிவு என்பதைத் தொடங்கும் முன்பே சரிசெய்யுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் விதிப்பார்கள். ஒரு வருட லாபம் ஒரே நோட்டீசில் போய்விடும்.

சாமான் சேதத்துக்கு 5,000 ரூபாய் முன்வைப்பு வாங்குவது அதிகமில்லை. கியர் வைத்த மிக்சரை நிறுத்தாமலே வேகம் மாற்றினால் பல் உடையும். இறுகிய ரொட்டி மாவை விஸ்க்கில் அடித்தால் கம்பி பிய்ந்து மாவுக்குள் போகும். ட்ரேயைத் தள்ளும் வேகத்தில் தெர்மோஸ்டாட் கம்பி வளைந்தால் அதன்பின் ஓவன் காட்டும் சூடு பொய். சூடான கண்ணாடிக் கதவில் ஈரத்துணி பட்டால் விரிசல் விடும். வெண்ணெய்ப் பாத்திரத்தைத் துடைக்காமல் தொட்டியில் போட்டால் கொழுப்பு அடைத்து மூன்றாம் நாள் தண்ணீர் பின்வாங்கும். ஒவ்வொருவருக்கும் முதல் முறை வரும்போது ஒரு மணி நேரம் இலவசமாகப் பயிற்சி கொடுத்தால் பழுதுக் கணக்கு பாதியாகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மானியம் பெற்றுக் கூடம் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020-ல் வந்த பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் கடனோடு இணைந்த 35 சதவீத மானியம் அறிவிக்கப்பட்டது. 9,60,000-ல் அது 3,36,000. 'எங்கள் கையிலிருந்து போனது மிச்சம்தானே' என்று 6,24,000-க்கு மட்டும் தேய்மானம் போட்டால் மாதம் 6,500 வரும், கட்டணமும் குறையும். எட்டாவது ஆண்டு ஓவன் பழுதாகும்போது அந்த 3,36,000 கையில் இருக்காது. மானியம் இரண்டாம் முறை வரவும் போவதில்லை. தேய்மானம் எப்போதும் முழு விலைக்குத்தான்.

உரிமம், வரி விஷயங்களும் கட்டணத்தைத் தொடுகின்றன. கூடத்தில் பேக்கிங் செய்யும் ஒவ்வொருவரும் கூடத்தின் முகவரியிலேயே உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்க வேண்டும். பெட்டியில் அந்த 14 இலக்க எண் அச்சாக வேண்டும். வீட்டு முகவரிப் பதிவை வைத்துக்கொண்டு இங்கே செய்வது பொருந்தாது. அதற்கான ஒப்பந்தக் காகிதத்தைக் கூடம் கொடுக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் வாங்காமல் சேர்க்கைக் கட்டணத்திலேயே அடக்கிவிடுங்கள். வேலை செய்பவர்களின் வருடாந்திர மருத்துவச் சான்றையும் அப்போதே வாங்கி வையுங்கள்.

ஜிஎஸ்டியில், கூடத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை வாடகைக்கு வரி இல்லை. மேலே சொன்ன கூடத்தின் வரவு 9,72,000-தான். தாண்டினால் 18 சதவீதம். வரிப் பதிவு இல்லாத சின்னவர்கள் அதைத் திரும்பப் பெற வழியில்லை, முழுவதும் அவர்கள் செலவாகிவிடும். எல்லை வட்டாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: நம் பக்கத்தில் செய்த கேக்கைப் பாறசாலைக் கடைக்குச் சப்ளை செய்தால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அதற்கு விற்பனை வரம்பு பார்க்காமல் வரிப் பதிவு கட்டாயம். தொகுப்பு வரித் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஏற்பாடு) இருப்பவர்கள் அப்படி விற்கவும் முடியாது. வாடிக்கையாளரே இங்கு வந்து வாங்கிக்கொண்டு போவது இதில் சேராது. கேரளத்துக் கடைகளை நம்பி மணிக்கணக்கில் முன்பதிவு செய்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் தெரிந்துகொண்டு அவர் விலகினால் அந்த மணிகள் உங்கள் 328-ல் ஓட்டை.

கடைசியாக, கட்டணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எத்தனை மேசை மணி, எத்தனை அடுக்கு மணி விற்றது என்ற இரண்டு எண் போதும். மேசை மணி 328-க்குப் பதில் 290-தான் என்றால் மேசை வரவு 58,000. மேசைப் பங்குச் செலவும் அதே 58,000; ஒரு ரூபாய் மிஞ்சாது. உடனே கட்டணத்தை ஏற்றாமல், செவ்வாய், புதன் காலை முறையை 150-க்கு விட்டுப் பாருங்கள். காலியாகக் கிடப்பதற்கு அது மேல். 400-ஐத் தாண்டினால் ஏற்றத்தைத் தள்ளிப்போடலாம், அல்லது இரண்டாவது ஓவனுக்குப் பணம் ஒதுக்கலாம். இந்த எண்களையும் செலவுக் கணக்கையும் கூடத்துச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏப்ரலில் 200-ஐ 210 ஆக்கும்போது ஏன் என்று கேட்பவருக்கு அந்தத் தாளைக் காட்டலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.